ஒட்டுக்கு மேலா, கீழா?

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஒரு பெண்மணியின் கைப்பையிலிருந்து ரோஜாக் காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், என் பக்கத்து வீட்டுக்காரர் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். பிறகு, கழுத்தில் ஷூ கயிற்றில் தொங்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு கைப்பையை நோக்கிக் குனிவார். பேருந்து வரும், போகும். சிலர் பையை இறுகப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். ஒருமுறை ஒரு பெண்மணி போலீசையே கூப்பிட்டுவிட்டார். வந்த போலீஸ்காரர் தன் வீட்டு வாசலிலும் ஒரு ரோஜாச் செடி நிற்பதாக வாய் தவறிச் சொல்லிவிட்டார். அரை மணி நேரம் கழித்து, வேலை இருப்பதாகச் சொல்லித் தப்பித்துப் போனது போலீஸ்காரர்தான்.

நகரத்துப் பொது ரோஜாத் தோட்டத்தில் அவருக்கு வகைப்பாட்டு அலுவலர் என்று பதவி. நாலாயிரத்து இருநூறு செடிகள். ஒவ்வொன்றும் எந்த இனம், எந்தப் பிரிவு, எதற்கும் எதற்கும் பிறந்தது, எந்த வருஷத்தில் என்பதையெல்லாம் அலுமினியத் தகட்டில் பொறித்து அதனதன் காலடியில் நட வேண்டும். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. தோட்டக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'வகையறா'. யார் எந்தப் பூவைப் பற்றி வாயெடுத்தாலும், "அது எந்த வகையறா?" என்று கேட்ட பிறகுதான் மேற்கொண்டு பேசுவார் என்பதால் வந்த பெயர். நேரில் 'சார்', முதுகு திரும்பினால் 'வகையறா'. விஷயம் காதுக்கு எட்டியபோது அவர் சொன்ன ஆட்சேபணை ஒன்றுதான். "வகையறான்னா வெறும் குடும்பம். நான் குடும்பத்தோட நிறுத்திக்கறேனா? இனம், உட்பிரிவு எல்லாம் பார்க்கறேனே!"

எனக்கும் அவருக்கும் நடுவில் மார்பளவுச் சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கத்திலிருந்து தினமும் காலையில் டொக், டொக் என்று சத்தம் கேட்கும். தோட்டத்தில் செய்து முடியாத தகடுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வோர் எழுத்து அச்சாக வைத்துச் சுத்தியலால் அடிப்பார். ஒல்லியான, நெட்டையான உடம்பு. செடிகளுக்குக் குனிந்து குனிந்து, வெறும் சாலையில் நடக்கும்போதும் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் போலத்தான் நடப்பார். மண்ணில் மண்டியிட்டே வேலை செய்வதால் அவருடைய கால்சட்டைகளில் முழங்கால் மட்டும் வருஷத்துக்கு இரண்டு முறை கிழியும். மனைவி தையல்காரியாக அமைந்தது அவர் செய்த புண்ணியம்.

அவரிடம் நான் முதலில் மாட்டிக்கொண்டது என் கதை ஒன்றால். கதாநாயகியின் விரலில் ரோஜா முள் குத்தியதாக எழுதியிருந்தேன். பத்திரிகை வெளிவந்த அன்றே, ஒரு கையில் பத்திரிகையும் மறு கையில் ரோஜாக் கிளையுமாக வந்து நின்றார்.

"ரோஜாவுக்கு முள்ளே கிடையாது, சார்."

"அப்படியா?"

"முள்ளுன்னா கட்டைக்குள்ளேர்ந்து வரணும். இது வெறும் மேல்தோல்ல முளைக்கிற சமாச்சாரம். பக்கவாட்டுல ஒரு தட்டு தட்டினா உதிர்ந்துடும். பாருங்க."

தட்டினார். ஒன்று உதிர்ந்தது. இரண்டு, மூன்று உதிர்ந்தன. நாலாவது உதிராமல் அவர் கட்டைவிரலில் ஏறிவிட்டது. ரத்தம் பொட்டுப் பொட்டாக என் வாசற்படியில் விழுந்தது. "முள்ளு இல்லேன்னா இப்ப எது சார் குத்தினது?" என்று கேட்டேன். "மேல்தோல் நீட்சி" என்றார், விரலைச் சப்பிக்கொண்டே. அன்றிலிருந்து என் கதைகளில் யாருக்கும் எதுவும் குத்துவதில்லை.

அவர் வீட்டுக்குள் போனால் முன்னறையில் தையல் மிஷின். மிஷினுக்குப் பின்னால் அவர் மனைவி, வாயில் நாலைந்து குண்டூசிகளோடு. அக்கம்பக்கத்தில் யாருக்குக் கால்சட்டை நீளம், யாருக்கு இடுப்பு பெருத்துவிட்டது என்பதெல்லாம் அந்த அம்மாளிடம்தான் வரும். குண்டூசிகளை வாயிலேயே வைத்துக்கொண்டு சரளமாகப் பேசுவார், சிரிப்பார், வாடிக்கையாளரைத் திட்டவும் செய்வார். விஷயம் முக்கியமானது என்றால் மட்டும் ஊசிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

ஒருநாள் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது இவர் ஆப்பிள் ஒன்றைக் கடித்துக்கொண்டே, "இதுவும் ரோஜாக் குடும்பந்தான் சார். பேரிக்காய், ஸ்ட்ராபெர்ரி, பாதாம் எல்லாம் ஒரே குடும்பம்" என்றார். "ஆமா தம்பி" என்றார் அக்கா ஊசிகளுக்கு இடையிலிருந்து. "இவரைப் பழக்கடைக்கு அனுப்பினா சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் போன மாதிரிதான். ஒவ்வொருத்தரையா நலம் விசாரிச்சுட்டு, வாங்கப் போனதை மறந்துட்டு வெறுங்கையோட வருவாரு."

இவர்களுக்கு ஒரே மகள். வெளியூரில் படிக்கிறாள். நாய் ரோஜா என்று ஒரு காட்டு இனம் இருக்கிறதாம். அதன் கன்றுகளுக்கு ஐந்தில் நாலு பங்கு தாய் வழியாகவும் ஒரே ஒரு பங்கு தகப்பன் வழியாகவும் வருமாம். "எங்க பொண்ணு அந்த ரகம் சார்" என்பார் ஏதோ நோய்க்கு மருத்துவர் பெயர் வைத்துவிட்ட நிம்மதியோடு. மகளிடமே ஒருமுறை போனில் இதைச் சொல்லப்போய், "என்னை நாய்னு சொன்னீங்களா? இருங்க, அம்மாகிட்ட குடுங்க" என்று அவள் கேட்டதில் வகைப்பாடு அத்தோடு நின்றது.

தோட்டத்தின் கண்காணிப்பாளருக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம். ரோஜா இனங்கள் மொத்தம் எத்தனை என்பதில் உலகத்திலேயே ஒற்றுமை இல்லை. நூறு என்பவர்களும் உண்டு, இருநூறுக்கு மேல் என்பவர்களும் உண்டு. நம்மவர் பிரிக்கிற கட்சி. கண்காணிப்பாளர் சேர்க்கிற கட்சி, அதிலும் தீவிரவாதி. அவரைப் பொறுத்தவரை சிவப்பு, வெள்ளை, மஞ்சள், மற்றவை என்று நாலே இனம்தான். "ஜனங்க வர்றது பூவைப் பார்க்க. இவரு அதோட அப்பா பேரு தாத்தா பேரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தா யாரு நிப்பாங்க?" என்பது அவர் கேள்வி. வாயிலோரம் நின்ற இரண்டு காட்டுப் புதர்கள் ஒரே இனமா, வேறு வேறா என்ற விவகாரத்தில் இருவரும் நாலு மாதம் பேசிக்கொள்ளவில்லை. காலையில் இவர் இரண்டு தகடு நடுவார், மாலையில் அவர் ஒன்றைப் பிடுங்குவார். கடைசியில் ஒரு புதர் பட்டுப்போனதால் சமாதானம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் வீட்டு வாசல் கேட்டில் ஒரு கூட்டம் நிற்கும். எல்லோர் கையிலும் ஒரு பூ, முகத்தில் ஒரே புகார். வாங்கும்போது மஞ்சளாகப் பூத்த செடி இப்போது சிவப்பாகப் பூக்கிறது. பெரிதாகப் பூத்தது சின்னதாகப் பூக்கிறது. சில பேர் அதிசயம் என்று நினைத்து ஆனந்தத்தோடு வருவார்கள். எல்லோரிடமும் இவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"ஒட்டுக்கு மேலயா, கீழயா?"

நாம் வாங்கும் ரோஜா பெரும்பாலும் இரண்டு செடி. கீழே, மண்ணில் வேர்விட்டு நிற்பது முரட்டு அடிச்செடி. அதன்மேல் ஒட்டுக் கட்டி வளர்த்திருப்பதுதான் நாம் ஆசைப்பட்டு வாங்கிய ரகம். ஒட்டுக்குக் கீழேயிருந்து அடிச்செடி தானாக ஒரு கிளைவிடும். கவனிக்காமல் விட்டால் அது மேலே இருப்பதை அமுக்கிச் சாகடித்துவிட்டு, தன் பூவைத் தான் பூக்கும். "உங்க ரோஜா நிறம் மாறலைம்மா" என்று இவர் கேட்டில் நின்று பொறுமையாகச் சொல்வார். "அது செத்துப்போச்சு. இது வேலைக்காரன் எஜமானோட நாற்காலியில உக்காந்திருக்கான். சின்னப் பூ, கொத்துக் கொத்தா, வருஷத்துக்கு ஒரே தடவை பூத்தா அடிச்செடிதான். இலையை எண்ணாதீங்க. அஞ்சு இலைன்னா நல்லது, ஏழு இலைன்னா அடிச்செடின்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. மண்ணைத் தோண்டி ஒட்டைப் பாருங்க." சில பேர் கேட்டிலேயே அழுதிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார். பொய் மட்டும் சொல்ல மாட்டார். போன வருஷம் கண்காட்சியில் பல் டாக்டர் ஒருவர் அடிச்செடியின் பூவைப் பெருமையோடு தூக்கிக்கொண்டு வந்தபோது, மைக் ஆன் ஆகியிருப்பதைப் பார்க்காமல், "டாக்டர், உங்க செடி செத்து ரெண்டு வருஷமாச்சு" என்று அறிவித்தவர் இவர். டாக்டரின் வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள்.

இவ்வளவு கறாரான மனிதரின் சொந்த வீட்டு முற்றத்தில் ஒரே ஒரு ரோஜாச் செடிதான் உண்டு. அதன் காலடியில் இருக்கும் தகட்டில் மனைவியின் பெயர்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் அவர் இரண்டு ரகங்களை இணைத்து, விதை எடுத்து, முளைத்ததில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒட்டுக் கட்டிய செடி அது. அவர் வாழ்நாளில் உருவாக்கிய ஒரே ரகம். உள்ளங்கை அகலத்துக்குக் கருஞ்சிவப்புப் பூ. உலகத்திலேயே அந்த ஒரு செடிதான். பதிவுக்கு அனுப்பியிருந்தால் மனைவியின் பெயர் உலக ரோஜாப் பட்டியலில் ஏறியிருக்கும். அனுப்பவில்லை. இதழ் முப்பத்து நாலா, முப்பத்தைந்தா என்பதில் அவருக்குத் திருப்தி வரவில்லை. ஒவ்வொரு பருவத்திலும் எண்ணிக்கொண்டே இருந்தார். "என் பேரு லிஸ்ட்டுல வந்துச்சா?" என்று அக்கா வருஷத்துக்கு ஒரு தடவை கேட்பார். "விசாரணையில இருக்கு" என்பார் இவர். பதிவு முடியட்டும், அப்புறம் இன்னொரு செடி கட்டலாம் என்று அதையும் தள்ளிப்போட்டார்.

நான் பக்கத்து வீட்டுக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. அந்தச் செடி கொத்துக் கொத்தாகச் சின்னப் பூக்களைப் பூப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். என் கண்ணுக்கு எல்லா ரோஜாவும் ரோஜாதான். அதனால் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

போன மாதம் வேலை நாளில், அலுவலகத்தில் இருக்க வேண்டிய நேரத்தில், என் வீட்டுக் கதவைத் தட்டினார். முகம் வெளிறிப்போயிருந்தது. கையில் இந்த வருஷக் கண்காட்சியின் போட்டியாளர் பட்டியல். வீட்டிலேயே உருவாக்கிய ரகங்களுக்கு இந்த முறை புதிதாக ஒரு பிரிவு வைத்திருந்தார்கள். முதல் பரிசு பெறும் ரகத்தின் பெயரைத் தோட்டமே உலகப் பட்டியலுக்கு அனுப்பிவைக்கும். நாற்பத்தோராம் எண்ணில் அவர் விரல் நின்றது. போட்டியாளர், அவர் மனைவி. ரகத்தின் பெயரும் மனைவியின் பெயர்தான். உருவாக்கியவர் என்ற இடத்தில் இவர் பெயர்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை சார். எனக்கு இன்ப அதிர்ச்சியாம். கண்காணிப்பாளர்கிட்ட நேரா போய் டோக்கன் வாங்கியிருக்கா."

"நல்ல விஷயந்தானே?"

"என்ன நல்ல விஷயம்! அந்தச் செடி செத்துப் பதினோரு வருஷமாச்சு."

அப்புறம் சொன்னார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், பெயர்ப் பலகைகளையெல்லாம் நிறவாரியாக எழுதிவிடலாம் என்று கண்காணிப்பாளர் உத்தரவு போட்டிருந்தார். அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்து கத்தரியை எடுத்திருக்கிறார். செடியில் இரண்டு தடித்த கிளைகள். ஒன்று ஒட்டுக்கு மேலே வந்தது, ஒன்று கீழே வந்தது. ஒட்டு மண்ணுக்குள் மூடியிருந்தது. ஊருக்கெல்லாம் தோண்டிப் பாருங்கள் என்று சொல்கிறவர் தோண்டவில்லை. கண்காணிப்பாளரை மனசுக்குள் திட்டிக்கொண்டே இலையை எண்ணினார்; ஒரு கிளையை அடியோடு வெட்டினார். ஆறு வாரம் கழித்து மிச்சமிருந்த கிளை மொட்டவிழ்ந்தது. பதினாலு இதழில் சின்னப் பூ, கொத்தாக. வெட்டிப் போட்ட கிளை அதற்குள் சருகாகிக் குப்பையோடு எரிந்துபோயிருந்தது.

"அக்கா கேக்கலையா?"

"கேட்டா. என்னங்க, பூ சின்னதாயிடுச்சேன்னா. வயசானா அளவு குறையும்னு சொல்லிட்டேன்." கையிலிருந்த பட்டியலைச் சுருட்டினார். "அறிவியல்ல நான் சொன்ன ஒரே பொய் சார் அது. எந்தப் புஸ்தகத்துலயும் கிடையாது."

பூவின் பிரிவைப் பார்த்து அட்டையில் எழுதிக் கொடுக்கிற வேலை கண்காட்சியில் இவருடையது. எழுதினால்தான் பூ நடுவர்களுக்குப் போகும். "பேசாம எழுதிடுங்க. காம்போட ஒரு பூவைக் கொண்டுவரப் போறாங்க. ஒட்டு எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்று எனக்குத் தெரிந்த யோசனையைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்குத் தெரியுமே" என்றார். பிறகு, "உண்மையை எழுதினா அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்றார். எனக்கு உண்மையாகவே அவர்மேல் இரக்கமாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களை எண்ணி முடிக்க எனக்கு ஒரு பருவம் போதாது. இவர் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு இந்தப் பாடு படுகிறார்.

கண்காட்சிக்கு முன்பே சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று. அந்த வாரம் முழுக்க நான் சுவரோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். திங்கட்கிழமை தைரியம் வந்தது. மிஷின் ஓரமாகப் போய் நின்றார்.

"இங்க பாரு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ம்?" என்றார் அக்கா ஊசிகளோடு.

"வந்து... ரோஜாவுக்கு முள்ளு கிடையாது, தெரியுமா?"

"கல்யாணத்தன்னிக்கே சொன்னீங்க."

புதன்கிழமை வேறு வழி கண்டுபிடித்தார். நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி மிஷினுக்கு அடியில் வைத்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடிவிட்டார். மாலை வந்து பார்த்தால் தாள் அதே இடத்தில் இருந்தது. பின்பக்கத்தில் அக்கா கையெழுத்தில், 'இடுப்பு 32, நீளம் 40, பின் பாக்கெட் வேண்டாம்' என்று எழுதியிருந்தது. "முன்பக்கத்தைப் படிச்சாளா இல்லையான்னே தெரியலை சார்" என்று சுவர் வழியாக அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் தெரியவில்லையாம்.

கண்காட்சி நாளும் வந்தது. பெரிய பந்தலுக்கு அடியில் வெள்ளைத் துணி விரித்த மேசை, மேசைக்குப் பின்னால் இவர், பக்கத்தில் பதிவேட்டோடு கண்காணிப்பாளர். எதிரே நீண்ட வரிசை. நான் எந்த வேலையும் இல்லாமல் மேசையின் ஓரத்தில் நின்றுகொண்டேன். ஒவ்வொருவரும் பூவை நீட்டினார்கள். இவர் கண்ணாடியில் பார்த்தார், "ஒட்டுக்கு மேலயா, கீழயா?" என்று கேட்டார், எழுதினார். நாற்பதாம் எண் வந்தபோதே அவர் நெற்றியில் வியர்வை. நாற்பத்தொன்று, நல்ல உடையில், தண்ணீர் ஊற்றிய கண்ணாடி டம்ளரில் ஒரு கொத்துப் பூவோடு முன்னால் வந்து நின்றது. அதற்கு அடுத்து நின்றவர் பல் டாக்டர். ஒரு வருஷமாக இந்த வரிசைக்குத்தான் காத்திருந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"பெயர்?" என்றார் இவர். எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி.

அக்கா தன் பெயரைச் சொன்னார்.

"ரகத்தோட பெயர்?"

அதே பெயர்.

"உருவாக்கியவர்?"

"நீங்கதான்."

வரிசை சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை எடுத்து இதழ்களை எண்ணத் தொடங்கினார். எண்ண வேண்டிய அவசியமே இல்லை. பதினோரு வருஷமாக அவருக்கு அந்தக் கணக்கு தெரியும். ஒருமுறை எண்ணிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"கொஞ்சம் கீழ பாருங்க சார்" என்றார் பல் டாக்டர் பின்னாலிருந்து. "இலைக்காம்போட அடியில. எனக்கு அங்க பார்த்துதானே அடிச்செடின்னு சொன்னீங்க?"

"எழுதுங்க சார், ஆள் நிக்கறாங்க" என்றார் கண்காணிப்பாளர். "சிவப்பு. அவ்வளவுதானே?"

இவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். மனைவியை நிமிர்ந்து பார்த்தார். எல்லோரிடமும் கேட்ட கேள்விதான்.

"ஒட்டுக்கு மேலயா... கீழயா?"

அக்கா வாயில் அன்று ஊசிகள் இல்லை.

"அதை வெட்டினவரைத்தான் கேக்கணும்" என்றார்.

பந்தலில் இருந்தவர்களுக்கு எதுவும் புரியவில்லை. இவர் கையிலிருந்த பேனா மேசையில் உருண்டுபோய் என் பக்கம் நின்றது.

"உனக்கு... தெரியுமா?"

"ஞாயித்துக்கிழமை தவறாம கேட்டுல நின்னுக்கிட்டு ஊருக்கே சொல்றீங்க. சின்னப் பூ, கொத்துக் கொத்தா, வருஷத்துக்கு ஒரே தடவை பூத்தா செடி செத்துப்போச்சுன்னு. நான் உள்ள மிஷின்லதானே உக்காந்திருக்கேன்? ஊசி வாயிலதான் இருக்கு, காதுல இல்லையே." அக்காவின் குரல் உயரவில்லை. "நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். ஒரு வருஷம், ரெண்டு வருஷம், பதினோரு வருஷம். டோக்கன் வாங்கின பிறகும் முள்ளுக் கதைதான் சொல்றீங்க. லெட்டர் எழுதிவெச்சுட்டு ஓடிப்போறீங்க. இந்த மேசையில உக்காந்தா உங்களால மாத்தி எழுத முடியாதுன்னு எனக்குத் தெரியும். அதான் டோக்கன் வாங்கினேன்."

நான் பேனாவை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அட்டையை எழுத அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. தலைகீழாக இருந்தாலும் என்னால் படிக்க முடிந்தது. 'போட்டிக்கு உரியதல்ல. இது அடிச்செடி. மேல் ரகம் இறந்து ஆண்டுகள் பதினொன்று. காரணம், ஒட்டைப் பாராமல் இலையை எண்ணி வெட்டியது. வெட்டியவர்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, பதவிப் பெயரையும் எழுதி, முத்திரையும் குத்தினார். இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.

"மன்னிச்சுடு" என்றார். மைக் இந்த வருஷமும் ஆன் ஆகித்தான் இருந்தது.

அக்கா அட்டையை இரண்டு தடவை படித்தார். கண் நிறைந்துவிட்டது. உள்ளங்கை அகலப் பூ ஒன்று தன் பெயரில் இருந்ததும், அது எந்தப் பட்டியலிலும் ஏறாமல் போனதும் அந்த அம்மாளுக்கு வலிக்காமலா இருக்கும்? பதினோரு வருஷமாக மிஷினில் உட்கார்ந்தபடி முழுங்கிக்கொண்டிருந்த வலி அது. அந்த நேரம் பார்த்துக் கண்காணிப்பாளர், தர்மசங்கடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், பதிவேட்டைத் திறந்து நிராகரிக்கப்பட்டவை என்ற பக்கத்தில் அக்காவின் பெயரை அழகாக எழுதினார். அக்கா எட்டிப் பார்த்தார். "பரவாயில்லை, ஒரு ரிஜிஸ்டர்லயாவது ஏறிடுச்சு" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு போகவில்லை. பூவோடு கணவரின் மேசையிலேயே வைத்துவிட்டு நகர்ந்தார்.

பல் டாக்டர் முன்னால் வந்தார். ஒரு வருஷமாகத் தயார்செய்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும். பூவை நீட்டி, இவர் கேட்பதற்கு முன்பே, "மேல சார், சத்தியமா மேல. தோண்டிப் பார்த்துட்டேன்" என்றார். அந்தப் பூவுக்குத்தான் அதன் பிரிவில் இரண்டாம் பரிசு கிடைத்தது.

மறுநாள் காலையில் டொக், டொக் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். இவர் முற்றத்தில் மண்டியிட்டு, அந்தச் செடியின் காலடியிலிருந்து தகட்டை ஆட்டி ஆட்டிப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பிடுங்கியதைக் குழாயடியில் கழுவினார். கழுவிய பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடுமுற்றத்தில் நின்றார். உள்ளே மிஷின் சத்தம் நின்றது. அக்கா கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தார். வாயிலிருந்த ஊசிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எதுக்குப் பிடுங்கினீங்க?"

"தப்பான தகடும்மா அது."

"அதுல இருக்கற பேரு யாருது?"

"உன்னுது."

"செடி யாருது?"

கொஞ்சம் யோசித்தார். "உன்னுதுதான்."

"அப்புறம் என்ன தப்பு?"

அக்கா தகட்டை அவர் கையிலிருந்து வாங்கி, நாடாவின் நுனியால் ஈரத்தைத் துடைத்து, பழைய குழியிலேயே சொருகி, செருப்புக் காலால் மண்ணை அழுத்திவிட்டு மிஷினுக்குத் திரும்பிப் போனார். இவர் செடியின் முன்னால் குனிந்தார். பிந்திப் பூத்த கொத்து ஒன்று அதில் மிச்சம் இருந்தது. பழக்கதோஷத்தில் கை கழுத்துக் கயிற்றுக்குப் போய்ப் பூதக்கண்ணாடியை எடுத்தது. பாதி வழியில் நின்றது. கண்ணாடியைக் கயிற்றோடு கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டு, பையின் பொத்தானை மாட்டிக்கொண்டு, வெறுங்கண்ணால் அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.